ஷாட்கன் குழலில் உள்ள சோதனை முத்திரைகளைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கி கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "இது எந்த வருஷத்தது?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குழலின் அடியில் பொறித்திருக்கும் முத்திரைகள் அதைவிட அவசியமான நான்கு விஷயங்களைச் சொல்கின்றன: எந்த ஊரில் சோதித்தார்கள், எந்த வெடிமருந்துக்குச் சோதித்தார்கள், எந்த நீளத் தோட்டாவுக்கு அறை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) வெட்டியிருந்தது, அன்றைக்குத் துளை எவ்வளவு அகலம் இருந்தது. இந்த வரிசையில் போனால் ஆண்டு பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். ஆண்டிலிருந்து தொடங்கினால் எல்லாமே குழம்பும்.

சோதனை என்றால் இதுதான்: சாதாரணத் தோட்டாவைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைக் குழலில் போட்டுச் சுடுவார்கள். குழல் வீங்காமல், பிளக்காமல், குழலின் பின்முனையைப் பூட்டிப் பிடிக்கும் உடற்பகுதியான ஆக்‌ஷன் தளராமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். அது அந்த ஒரு நாளின் நிலைக்கான சாட்சி. அதன்பின் அந்தக் குழலை யார் குடைந்தார்கள், எவ்வளவு துரு தின்றது என்பது முத்திரைக்குத் தெரியாது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் பாதி முத்திரையைப் படிப்பதைப் பற்றியது என்றால், மீதி அளந்து சரிபார்ப்பதைப் பற்றியது.

ஒரு குறிப்பு: எழுத்து முத்திரைகளைக் கீழே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். குழலில் அவை ரோமன் எழுத்துகளாகத்தான் இருக்கும்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கக்கூடிய சிறிய டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், லேசான துப்பாக்கி எண்ணெய், மெல்லிய பருத்தித் துணி, பென்சில், தாள், நெருக்கத்தில் படமெடுக்கும் கைபேசி. முத்திரைகளைப் படிக்க இவை போதும்.

அளவெடுக்க இரண்டு கருவிகள் தனியாக வேண்டும்: தோட்டா அறையின் நீளம் பார்க்கும் சேம்பர் கேஜ், குழலின் உட்பகுதியை அளக்கும் போர் மைக்ரோமீட்டர். சாதாரண வெர்னியர் காலிப்பர் இரண்டாவது வேலைக்கு உதவாது. அதன் தாடைகள் குழல் வாய்க்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். அங்கே அளந்தால் கிடைப்பது சோக்கின் (குழல் வாயில் உள்ள குறுகலின்) அளவு, துளையின் அளவு அல்ல. கருவி இல்லையென்றால் நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள். ஊகித்து எழுதுவதைவிட அளக்காமல் விடுவது மேல்.

2. காலி செய்து, கழற்றுதல்

துப்பாக்கியைத் திறந்து, இரண்டு அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். அறையில் ஒரு தோட்டாகூட இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த வேலை. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யும் அறையில் தோட்டாக்கள் எதுவுமே இல்லாதபடி வேறிடத்தில் வைத்துவிடுவது நல்ல பழக்கம்.

பிறகு முன்கட்டையைக் கழற்றி, குழல்களை ஆக்‌ஷனிலிருந்து பிரித்தெடுங்கள். முத்திரைகளில் பெரும்பாலானவை பூட்டிய நிலையில் கண்ணுக்கே தெரியாது. புதியவர்கள் பலர் கழற்றாமலே குழலின் மேலே தேடிவிட்டு "முத்திரை இல்லை" என்று முடிவுகட்டுகிறார்கள். பம்ப், செமி ஆட்டோமேட்டிக் வகைகளில் முத்திரை பெரும்பாலும் குழலின் பின்முனைக்கு அருகே வெளிப்பக்கத்திலேயே இருக்கும். ஆனாலும் குழலைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

3. எங்கே தேடுவது

பக்கத்துக்குப் பக்கம் குழல்கள் உள்ள துப்பாக்கியில், பின்முனையின் அடியில் ஆக்‌ஷன் மேல் உட்காரும் தட்டையான பரப்புதான் முதல் இடம். அதற்கு நேர் எதிரே, ஆக்‌ஷனின் தட்டைப் பரப்பிலும் ஒரு தொகுதி இருக்கும். அது குழலுக்கானது அல்ல, ஆக்‌ஷனுக்கானது. இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிடத் தேவைப்படும்.

மேலும் கீழுமாகக் குழல்கள் உள்ளவற்றில் குழலின் பின்பகுதிப் பக்கவாட்டிலும், முன்கட்டை மறைக்கும் அடிப்பகுதியிலும் பாருங்கள். மிகப் பழைய சுத்தியல் துப்பாக்கிகளில் தட்டைப் பரப்பைத் தாண்டி, உருண்டையான அடிக்குழலிலேயே சில அங்குலம் முன்னே முத்திரைகள் போவதுண்டு.

4. சுத்தம், வெளிச்சம், வரைபடம்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். முத்திரைகள் சில மில்லிமீட்டர் அளவு. பல தசாப்தங்களின் எண்ணெய்ப் பிசுக்கு அதில் அடைந்து கிடக்கும். எண்ணெய் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு, பிரஷால் மென்மையாகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். கம்பி பிரஷ், உப்புத்தாள், மெருகூட்டும் பசை மூன்றும் கூடவே கூடாது. முத்திரையின் விளிம்பு மழுங்கினால் வியும் யுவும் ஒன்றாகிவிடும். நாடே மாறிப்போகும்.

டார்ச்சை நேராக அடிக்காதீர்கள். உலோகப் பரப்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். நான்கு திசையிலிருந்தும் ஒளியை மாற்றி ஒவ்வொரு முறையும் படம் எடுங்கள். ஒரு திசையில் பூச்சியாகத் தெரிந்தது இன்னொரு திசையில் கிரீடமாகத் தெரியும்.

அதன் பிறகு தாளில் கையால் வரையுங்கள். படம் இருக்கும்போது வரைவது எதற்கு என்று தோன்றலாம். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு கோட்டையும் கேள்வி கேட்கிறது: கிரீடத்துக்குக் கீழே இருப்பது ஓர் எழுத்தா, பின்னிய இரண்டு எழுத்துகளா? கட்டம் வட்டமா, சாய்சதுரமா? வலக் குழல், இடக் குழல், ஆக்‌ஷன் என்று மூன்று பத்தியாகப் பிரித்து, கண்டதை மட்டும் வரையுங்கள். அர்த்தம் இப்போது வேண்டாம். எதிர்பார்ப்பதைக் கண் காண ஆரம்பித்துவிட்டால் அதை விலக்குவது கடினம்.

5. வரைந்ததை வகைப்படுத்துதல்

இப்போது அந்தக் குறிகளை நான்காகப் பிரியுங்கள். ஒன்று, சோதனைச் சாலையின் சின்னங்கள்: கிரீடம், சிங்கம், செங்கோல், கழுகு, தூண், பின்னிய எழுத்துகள். இரண்டு, எண்கள்: போர் (குழலின் அளவைச் சொல்லும் எண்), அறை நீளம், துளை விட்டம், எடை அல்லது அழுத்தம். மூன்று, ஆண்டுக் குறியீடாகத் தோன்றும் தனி எழுத்துகள். நான்கு, சோதனைக்குச் சம்பந்தமே இல்லாதவை: தொழிலாளியின் முதலெழுத்து, வரிசை எண், உருக்கு வகையின் பெயர், சோக் அளவைச் சொல்லும் நட்சத்திரங்கள்.

இந்த நான்காவது வகைதான் வம்பு. இத்தாலியத் துப்பாக்கிகளில் ஒரு நட்சத்திரம் என்றால் முழு சோக், நட்சத்திரங்கள் கூடக்கூட சோக் தளர்கிறது. ஆனால் இத்தாலியச் சோதனைச் சின்னத்திலும் நட்சத்திரம் உண்டு. லியேழ் நகர முத்திரையிலும் நட்சத்திரம் உண்டு. தனி ஒரு நட்சத்திரத்தைப் பட்டியலில் தேடி நாட்டைக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை. எந்த முத்திரையையும் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவை எவையோ அவைதான் அதற்குப் பொருள் தருகின்றன.

6. எந்தச் சோதனைச் சாலை?

லண்டன்: துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. அதன் பழைய முத்திரைகள் இரண்டு: கிரீடத்தின் கீழ் பின்னிய ஜி பி (GP), கிரீடத்தின் கீழ் வி. முதலாவது சோதனைக்கு, இரண்டாவது பார்வையிட்டதற்கு.

பர்மிங்ஹாம்: இங்கே சோதனைச் சாலை 1813-இல் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. 1904 வரை அதன் அடையாளம், குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள், மேலே கிரீடம், இடையில் பி பி சி (BPC) என்ற எழுத்துகள். பார்வை முத்திரையில் அதே செங்கோல்களோடு வி. 1904-க்குப் பிறகு கிரீடத்தின் கீழ் பி பி (BP), பி வி (BV) என்று எளிமையானது.

லியேழ், பெல்ஜியம்: நீள்வட்டத்துக்குள் இ எல் ஜி, அடியில் நட்சத்திரம். நீள்வட்டத்தின் மேல் கிரீடம் இருந்தால் 1893-க்குப் பிந்தையது, இல்லையென்றால் முந்தையது. கூடவே பெரோன் எனப்படும் நகரத்தின் தூண் சின்னமும், பரிசோதகரின் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தின் மேல் கிரீடம் என்றால் 1877 வரை, நட்சத்திரம் என்றால் அதற்குப் பிறகு. லியேழில் செய்த துப்பாக்கிகள் ஏராளமானவை ஆங்கிலப் பெயர் போல ஒலிக்கும் பெயர்களோடு விற்கப்பட்டன. மேலே உள்ள பெயரையும் அடியில் உள்ள முத்திரையையும் வைத்துக் குழப்பம் வந்தால் முத்திரையை நம்புங்கள். பெயரை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம்.

ஜெர்மனி: 1891-ஆம் ஆண்டுச் சட்டம் 1893-இல் நடைமுறைக்கு வந்தது. கிரீடத்தின் கீழ் தனித்தனி எழுத்துகள் வரிசையாக நிற்கும்: பி (B) சோதனைக்கு, யு பரிசோதனைக்கு, எஸ் ரவைக் (சிறு உருண்டைகள் சுடும்) குழலுக்கு, டபிள்யூ சோக் உள்ள குழலுக்கு, ஜி உள்ளே வரி வெட்டிய குழலுக்கு. கிரீடமும் பியும் கண்டதும் பர்மிங்ஹாம் என்று முடிவெடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்தில் கிரீடத்தோடு யு இருந்தால் அது ஜெர்மனி. 1940 முதல் கிரீடம் போய்க் கழுகும் என் (N) என்ற எழுத்தும் வந்தன.

பிரான்ஸ்: செயின்ட் எத்தியென் நகர முத்திரையில் குறுக்காக வைத்த இரண்டு ஓலைகளும் கிரீடமும். பெரும்பாலும் ஊர்ப் பெயரே பொறித்திருக்கும் என்பதால் இது எளிது.

இத்தாலி: கார்தோனே வால் ட்ரொம்பியாவின் கேடயச் சின்னமும், நட்சத்திரம் கொண்ட தேசியச் சின்னமும் சேர்ந்து வரும். கீழே பி எஸ் எஃப் (PSF) அல்லது பி என் (PN).

அமெரிக்கா: அரசுச் சோதனைச் சாலை கிடையாது. தயாரிப்பாளரே சோதித்துத் தன் முத்திரையை இடுவார். வின்செஸ்டரின் நீள்வட்டத்துக்குள் பின்னிய டபிள்யூ பி (WP) இதற்கு நல்ல உதாரணம். எனவே அமெரிக்கக் குழலில் இங்கிலாந்துக் குழலைப் போல விவரமான எண்களைத் தேடாதீர்கள்.

ஒரே குழலில் இரண்டு நாட்டு முத்திரைகள் இருப்பது சாதாரணம். பெல்ஜியத்தில் செய்து இங்கிலாந்துக்கு வந்ததை மறுபடி அங்கே சோதித்திருப்பார்கள். 'இங்கிலாந்தில் செய்யப்பட்டதல்ல' என்று ஆங்கிலத்தில் பொறித்த லண்டன் முத்திரை இப்படிப்பட்டதுதான். அப்போது இரண்டையும் தனித்தனி வரலாறாக எழுதிக்கொண்டு, பிந்தைய சோதனையையே செல்லுபடியாகக் கொள்ளுங்கள்.

7. எந்த மருந்துக்கு?

உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் தவறு நிகழ்வது இந்தப் படியில்தான். கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழலில் இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடாது. இரண்டும் அழுத்தம் தரும் விதமே வேறு.

முதலில் ஒரு வேறுபாடு. தற்காலிகச் சோதனை என்பது குழல் முடிவுறாத நிலையில், வெறும் குழாயாக இருக்கும்போது செய்வது. இறுதிச் சோதனை என்பது ஆக்‌ஷனோடு பொருத்திய பிறகு செய்வது. தற்காலிக முத்திரை மட்டும் தெரிகிறது என்றால் வேலை முடியவில்லை, இறுதி முத்திரையைத் தேடுங்கள்.

இங்கிலாந்தில் நைட்ரோ சோதனை, அதாவது புகையில்லா மருந்துக்கான சோதனை, 1896 விதிகளில் வந்தது. அன்று 'நைட்ரோ புரூஃப்' என்று ஆங்கிலச் சொற்களாகவே பொறித்தார்கள், உடன் அதிகபட்ச ரவை எடை அவுன்ஸில். 1904 முதல் லண்டனில் கவசமணிந்த கை வளைந்த வாளை ஏந்தியிருக்க, கீழே என் பி (NP). பர்மிங்ஹாமில் கிரீடத்தின் கீழ் என் பி. 1954-இல் இது மாறியது: பர்மிங்ஹாம் கிரீடத்தின் கீழ் பி என் பி (BNP) என்றும், லண்டன் கிரீடத்தின் கீழ் என் பி என்றும் இட ஆரம்பித்தன.

கிரீடமும் என் பியும் 1954-க்கு முன்னால் பர்மிங்ஹாமைக் குறித்தது, பின்னால் லண்டனைக் குறிக்கிறது. ஒற்றை முத்திரையை வைத்து ஊரைச் சொல்ல முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம். பிரித்தறிய எண்களைப் பாருங்கள். பக்கத்தில் 1⅛ அவுன்ஸ் போல எடை இருந்தால் பழைய பர்மிங்ஹாம். சதுர அங்குலத்துக்கு 3 டன் போல அழுத்தம் இருந்தால் 1954-க்குப் பிந்தைய லண்டன்.

மற்ற நாடுகளில்: பெல்ஜியத்தில் நிற்கும் சிங்கத்தின் கீழ் பி வி (PV), பிரான்சில் கிரீடத்தின் கீழ் பி டி (PT), இத்தாலியில் பி எஸ் எஃப், ஜெர்மனியில் 'நைட்ரோ' என்ற சொல் அல்லது கழுகோடு என். இத்தாலியின் பி என் கருமருந்துக்கானது, நைட்ரோ என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

நைட்ரோ முத்திரை எதுவும் இல்லையென்றால் கருமருந்துக் குழல் என்றே கொள்ளுங்கள். குழலில் டமாஸ்கஸ் வரிகள் (இரும்பையும் உருக்கையும் முறுக்கிச் செய்த பழைய குழல்களின் கோலம்) இருக்கின்றனவா என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நைட்ரோ சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு, கருமருந்துக்கு மட்டும் சோதித்த உருக்குக் குழல்களும் உண்டு.

இரும்பு ரவைத் தோட்டாவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உயர் செயல்திறன் வகை இரும்பு ரவைக்கென்று சோதித்த குழலில் லில்லி மலர்ச் சின்னம் இருக்கும். அந்த மலர் இல்லாத குழலில் அந்த வகைத் தோட்டா வேண்டாம். 1914-இல் லியேழில் தொடங்கிய சி ஐ பி என்ற பன்னாட்டு ஆணையத்தின் விதிப்படி, சாதாரண 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் 740 பார், உயர் செயல்திறன் வகைக்கு 1050 பார். வித்தியாசம் சிறியதல்ல.

8. போரும் தோட்டா அறையும்

சாய்சதுரத்துக்குள் 12, அதன் கீழே சி என்ற குறியை 1887 முதல் இங்கிலாந்துக் குழல்களில் காணலாம். பெல்ஜியக் குழல்களிலும் இது வரும். சி என்றதும் பலர் சோக் என்று படிக்கிறார்கள். இது சோக் அல்ல, அறையைக் குறிக்கும் எழுத்து. எல் சி என்று இருந்தால் நீண்ட அறை, அதாவது 3 அங்குலமோ அதற்கு மேலோ.

சி மட்டும் இருந்தால் 3 அங்குலத்துக்குக் குறைவு என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. 2½ அங்குலமாகவும் இருக்கலாம், 2¾ ஆகவும் இருக்கலாம். 1925 விதிகளுக்குப் பிறகுதான் நீளம் எண்ணாகவே பொறிக்கப்பட்டது. மில்லிமீட்டரில் இருந்தால் 65 என்பது 2½, 70 என்பது 2¾, 76 என்பது 3 அங்குலம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தோட்டா உறையில் அச்சிட்ட நீளம் சுட்ட பிறகு மடிப்பு விரிந்த நீளம். அதனால் 70 மில்லிமீட்டர் தோட்டா 65 மில்லிமீட்டர் அறையில் சிரமமில்லாமல் உள்ளே போய்விடும். உள்ளே போவதால் பொருத்தம் என்று அர்த்தமில்லை. சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் உள்ள குறுகலுக்குள் நெருக்கும், அழுத்தம் ஏறும். பழைய அமெரிக்க 16 போர் துப்பாக்கிகளில் அறை 2 9/16 அங்குலமாக இருப்பதும், முத்திரை அதைச் சொல்லாமல் விடுவதும் சகஜம். அங்கே கேஜ் போட்டுப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

9. துளை விட்டம்

சாய்சதுரத்துக்கு வெளியே தனியாக 13 என்றோ 13/1 என்றோ ஓர் எண் இருக்கும். துப்பாக்கி 12 போர் தானே, 13 எப்படி வந்தது என்று குழம்ப வேண்டாம். போர் என்பது ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாகப் பிரித்தால் ஓர் உருண்டை குழலுக்குள் பொருந்துமோ அந்த எண்ணிக்கை. எண் கூடினால் துளை சிறிது. 12 போர் தோட்டாவுக்கு அறை வெட்டிய குழலின் துளை 13 அளவுக்கு இறுக்கமாக இருப்பது அன்றைய வழக்கம்.

1954-க்கு முந்தைய இங்கிலாந்து முத்திரைகளுக்கான அங்குல அளவுகள்:

12/1 என்றால் .740
12 என்றால் .729
13/1 என்றால் .719
13 என்றால் .710
14/1 என்றால் .701
14 என்றால் .693

1954-க்குப் பிறகு .729 போன்ற தசமமே பொறிக்கப்பட்டது. 1989 விதிகளுக்குப் பிறகு 18.5 போல மில்லிமீட்டரில்.

1875 முதல் 1887 வரை சோக் உள்ள குழல்களில் இரண்டு எண்கள் காணலாம்: ஒன்றின் பக்கத்தில் பி (B), மற்றொன்றின் பக்கத்தில் எம். முதலாவது துளை, இரண்டாவது குழல் வாய். கூடவே 'குண்டுக்கு அல்ல' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களும் இருக்கும். அந்தச் சொற்களைக் கண்டால் இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் என்று தைரியமாக எழுதலாம்.

10. ஆண்டு

இதுவரை செய்ததில் காலம் ஏற்கெனவே குறுகியிருக்கும். இப்போது நேரடிக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போருக்கு முன் மாதமும் ஆண்டும் எண்ணாகவே இருக்கும்: 4.37 என்றால் 1937 ஏப்ரல். இதைத் துளை விட்டம் என்று படிப்பவர்கள் உண்டு. போருக்குப் பின் எழுத்துகள்: ஏ என்பது 0, பி 1, சி 2 என்று போய் கே 9 ஆகும். எச் டி என்றால் 73.

இத்தாலியில் 1954 முதல் சிறு கட்டத்துக்குள் ரோமன் எண். பத்து என்றால் 1954, இருபது என்றால் 1964. 1975-இல் ஏ ஏ தொடங்கியது, 1976 ஏ பி. பர்மிங்ஹாமில் 1921 முதல் குறுக்குக் கோடுகளுக்கு இடையே ஆண்டெழுத்து வைக்கும் வழக்கம் வந்தது. லியேழில் 1922 முதல் சிறிய எழுத்து, ஏ-யில் தொடங்கி. ஸ்பெயினின் எய்பாரில் 1927 முதல் ஆண்டெழுத்து.

ரெமிங்டன் குழல்களில் பன்னிரண்டு எழுத்துள்ள 'பிளாக்பவுடர்எக்ஸ்' (BLACKPOWDERX) என்ற சொல்லின் எழுத்துகள் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான மாதங்களைக் குறிக்கும். இது குழல் செய்த நாள். குழல் மாற்றப்பட்ட துப்பாக்கிக்கு இது வயது சொல்லாது.

குறியீடு இல்லாவிட்டால் ஒற்றை ஆண்டைத் திணிக்காதீர்கள். "1887-க்கும் 1904-க்கும் இடையில்" என்று எழுதுவது முழுமையான, நேர்மையான பதில்.

11. அளந்து ஒப்பிடுதல்

முத்திரையில் உள்ள துளையளவு பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில், ஏறக்குறைய 23 சென்டிமீட்டரில் எடுத்தது. நீங்களும் அங்கேதான் அளக்க வேண்டும். வேறிடத்தில் அளந்து ஒப்பிட்டால் நல்ல குழலும் கெட்டதாகத் தெரியும்.

பழைய எண் முறையில், துளை அடுத்த பெரிய அளவை எட்டிவிட்டால் சோதனை செல்லாது. 13 என்று பொறித்த குழல் இன்று .719-ஐத் தொட்டால் கதை முடிந்தது. 1954 முறையில் .010 அங்குலம் கூடியிருந்தால் செல்லாது, 1989 முறையில் 0.2 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட துப்பாக்கியை விற்பது இங்கிலாந்தில் குற்றம்.

இரண்டு குழலையும் தனித்தனியே அளங்கள். ஒரு குழலில் மட்டும் துருக்குழிகளைக் குடைந்து எடுத்திருப்பது சாதாரணமாக நடப்பது. அறை நீளத்தையும் கேஜ் போட்டு முத்திரையோடு ஒப்பிடுங்கள். பின்னாளில் அறையை நீட்டியவர்கள் மறுசோதனைக்கு அனுப்பாமல் விட்டிருக்கலாம்.

டன்னில் உள்ள அழுத்தத்தை 2240-ஆல் பெருக்கிப் பவுண்டாக்கி, இன்றைய தோட்டாப் பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடாதீர்கள். அந்த டன் அளவுகள் உலோக உருளை நசுங்கும் அளவை வைத்து எடுத்தவை. இன்றைய எண்கள் மின் உணரியால் எடுத்தவை. இரண்டையும் நேரடியாக மாற்றினால் தவறான விடைதான் வரும்.

குழல் சுவரின் தடிமனை எந்த முத்திரையும் சொல்லாது. துளை சரியாக இருந்தும், வெளிப்புறத்தைத் தேய்த்து மெருகூட்டியதில் சுவர் மெலிந்திருக்கலாம். இதற்குத் தனிக் கருவி உண்டு. மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள்.

12. குழலும் ஆக்‌ஷனும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா?

மூன்றாம் படியில் தனியே குறித்த ஆக்‌ஷன் முத்திரைகளை இப்போது எடுங்கள். ஆக்‌ஷனில் 1904-க்கு முந்தைய செங்கோல்கள், குழலில் 1954-க்குப் பிந்தைய பி என் பி என்றால் குழல் மாற்றப்பட்டதோ மறுசோதனை செய்யப்பட்டதோ ஆகும். கிரீடத்தின் கீழ் ஆர் இருந்தால் மறுசோதனை. 'ஸ்லீவ்டு' என்ற சொல் இருந்தால் பழைய பின்முனையில் புதுக் குழாய் பொருத்தியது. வரிசை எண்கள் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள்.

13. ஒரு தொகுதியை முழுதாகப் படித்துப் பார்ப்போம்

தட்டைப் பரப்பில் இவை இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: செங்கோல்களோடு பி பி சி, செங்கோல்களோடு வி, சாய்சதுரத்துக்குள் 12-உம் சி-யும், தனியாக 13. சற்றுத் தள்ளி, கூர்மையான விளிம்புகளோடு, கிரீடத்தின் கீழ் பி என் பி, 2½ அங்குலம், .729, 3 டன்.

முதல் தொகுதி பர்மிங்ஹாம். செங்கோல்கள் 1904-க்கு முன், சாய்சதுரம் 1887-க்குப் பின். நைட்ரோ சொற்கள் இல்லை, ஆகவே கருமருந்து. துளை .710-லிருந்து தொடங்கியது. இரண்டாம் தொகுதியும் பர்மிங்ஹாம்தான், ஆனால் 1954-க்குப் பின். இடையில் யாரோ துளையை .729 வரை பெரிதாக்கி, நைட்ரோவுக்கு மறுசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். குழல் தாங்கியிருக்கிறது. இனி ஒப்பிட வேண்டியது .729-ஓடு, பழைய 13-ஓடு அல்ல.

9 அங்குலத்தில் அளக்கிறீர்கள்: வலது .733, இடது .734. இரண்டும் .739-க்குள், துளை சரி. அறையில் கேஜ் போடுகிறீர்கள்: 70 மில்லிமீட்டர். முத்திரை 2½ அங்குலம் என்கிறது. சோதனைக்குப் பிறகு அறையை நீட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். துளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்தத் துப்பாக்கியை இந்த நிலையில் சுடக்கூடாது. முதலில் அறைக்கு முன்னால் சுவர்த் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். போதிய உலோகம் இருந்தால் மட்டும், 70 மில்லிமீட்டருக்கு மறுசோதனை செய்ய அனுப்புங்கள். சுவர் மெலிந்திருந்தால் அனுப்ப வேண்டாம், சோதனைத் தோட்டாவே குழலைக் கெடுத்துவிடும். உங்கள் வரைபடம், படங்கள், அளவுகள், அளந்த தேதி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் துப்பாக்கியோடு வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது துளை மாறியிருக்கிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.